இரவு நடையிலும் திறந்தவெளித் தங்கலிலும் எதிரொளிப்புப் பட்டை: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிந்துகொள்ள வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இரவு நேரச் சாலையில் வாகனங்கள் மட்டும் செல்வதில்லை. மாசி மாதப் பூச்சொரிதல் தொடங்கிச் சித்திரைத் தேர் முடியும் வரை சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரை செல்வோர், வெயிலுக்கு அஞ்சி, மாலையில் புறப்பட்டு விடிய விடிய நடக்கின்றனர். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கும், தை மாதத்தில் பழனிக்கும் செல்வோரும் இவ்வாறே நடக்கின்றனர். கிடை போட்ட ஆட்டுமந்தையுடன் கீதாரிகள் சாலையோர வயல்களில் தங்குகின்றனர். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடச் செல்லும் விவசாயி, விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்லும் நோயாளி, அவருக்குத் துணையாகச் செல்லும் மனைவி அல்லது மகன் ஆகியோரும் இதே இருட்டில்தான் சாலையோரம் நடக்கின்றனர்.

இவர்கள் நடக்கும் சாலைகளோ எளிமையானவை அல்ல. சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர், சிறுவாச்சூர், பாடாலூர் வழியாகச் செல்கிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் இடையே கனரக லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கரும்பு வெட்டும் பருவத்தில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்களும் சேர்ந்துகொள்கின்றன. 2024 ஜூலையில் தஞ்சாவூர் மாவட்டம் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்து சென்ற பக்தர்கள் மீது சரக்கு வாகனம் மோதிச் சிலர் உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இத்தகைய விபத்துகளுக்கு ஓட்டுநரின் வேகம், தூக்கம், மது எனப் பல காரணங்கள் உண்டு. அவை நடப்பவரின் கையில் இல்லை. நடப்பவரின் கையில் இருக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் இக்கட்டுரை விளக்குகிறது. உடலிலும் உடைமைகளிலும், தங்கும் கூடாரத்திலும் எதிரொளிப்புப் பட்டை வைத்துக்கொள்வதே அது.

ஓட்டுநருக்கு நாம் ஏன் தெரிவதில்லை?

எதிரே வரும் வாகனத்தின் விளக்கு உங்கள் கண்ணில் பளீரெனப் படுகிறது. ஆகவே, “எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, அவருக்கும் நான் தெரிவேன்” என்று மனம் முடிவு செய்துகொள்கிறது. இது தவறான கணிப்பு. இரவில் நடப்போர் தம்மை ஓட்டுநர் காணும் தூரத்தை மிகைப்படுத்தி எண்ணுகின்றனர் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான செய்தி.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஓர் உருவத்தைக் கண்டு, அது மனிதர் என உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். அதன்பின் காய்ந்த சாலையில் ஒரு கார் நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். வேகம் 80 கி.மீ. எனில் இத்தொலைவு 70 மீட்டரைத் தொடும். பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் கூடுதல்.

இப்போது மறுபக்கம். தாழ்வாக வைக்கப்பட்ட முகப்பு விளக்கில், கருநிற உடை அணிந்தவர் ஏறத்தாழ 30 மீட்டருக்குள் வந்த பிறகே தெரிகிறார். வெள்ளை உடை அணிந்தவர் அதைப்போல் இருமடங்கு தொலைவில் தெரியலாம். தரமான எதிரொளிப்புப் பட்டை அணிந்தவர் 150 மீட்டருக்கு அப்பாலேயே தெரிகிறார். அதாவது, வெள்ளை வேட்டி 60 கி.மீ. வேக வாகனத்திடமிருந்து காக்கக்கூடும். நெடுஞ்சாலை வேகத்துக்கு அது போதாது.

உடையின் நிறம் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமது விழித்திரையில் மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள். இவை சிவப்பு நிறத்தை ஏறக்குறைய உணர்வதே இல்லை. பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சேலை இரவில் கறுப்புச் சேலையாகவே தெரியும். விரதத்துக்காகச் சிவப்பு, கறுப்பு, கருநீலம், காவி உடுத்தி நடப்பவர்கள் அந்த உடையை மாற்ற வேண்டியதில்லை. அதன் மேல் பட்டை வேண்டும். அதேபோல், பகலில் ‘அடிக்கும்’ பச்சை, ஆரஞ்சு நிற ஒளிர் உடைகள் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரால் ஒளிர்பவை. இரவில் அவை சாதாரணத் துணியே.

ஓட்டுநரின் கண் நலமும் இதில் சேர்கிறது. வயது ஏற ஏறக் கண்பாவை சுருங்கி, விழிவில்லை மஞ்சளாகி, 60 வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளி 20 வயதில் சென்றடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. கண்புரை தொடங்கியவருக்கு எதிர் விளக்கின் கூச்சத்தில் சாலையோரம் முழுவதும் மறைந்துவிடும். சர்க்கரை நோயால் விழித்திரைக்கு லேசர் சிகிச்சை பெற்றவர்கள் சிலருக்கு இரவுப் பார்வை குறையும். பிரகாசமான இடத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். உங்களை நோக்கி வரும் வாகனத்தை ஓட்டுபவர் இவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று கருதியே நடக்க வேண்டும்.

‘ரேடியம் ஸ்டிக்கர்’ உடலுக்குக் கேடா?

நம் ஊரில் இப்பட்டையை ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்றே கேட்டு வாங்குகிறோம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் குடும்பத்தினர் சிலர், இதில் கதிர்வீச்சு இருக்குமோ என்று அஞ்சிக் கேட்பதுண்டு. அச்சம் வேண்டாம். 1898-இல் கண்டறியப்பட்ட ரேடியம் கதிரியக்கத் தனிமம்தான். ஒரு காலத்தில் கடிகார முள்ளுக்கு அதைப் பூசினார்கள். அந்தப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று கடைகளில் விற்கும் எதிரொளிப்புப் பட்டையில் ரேடியமும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பயன்படுத்தலாம்.

பட்டை தானாக ஒளிர்வதும் இல்லை. அதன் மேற்பரப்பில் பொடி போன்ற நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டிருக்கும். விளக்கொளி மணிக்குள் புகுந்து, வளைந்து, பின்புறப் பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. வேறு சில பட்டைகளில் மணிகளுக்குப் பதிலாகக் கனசதுரத்தின் மூலை போன்ற நுண் பட்டகங்கள் இருக்கும். வெள்ளைத் துணி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. கண்ணாடி அதை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. இப்பட்டையோ விளக்கை நோக்கியே திருப்பி அனுப்புகிறது. விளக்குக்குச் சற்று மேலே ஓட்டுநரின் கண் இருப்பதால் அவருக்கு அது பளிச்சிடும். அருகில் நடக்கும் உங்களுக்கு அது சாம்பல் நிறத் துண்டாகவே தெரியும். இதனாலேயே பலர் “இது ஒன்றும் மின்னவில்லையே” என்று கழற்றிப் போட்டுவிடுகின்றனர்.

கீதாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருட்டில் டார்ச் அடித்தால் ஆட்டின் கண்கள் மின்னுவதை அவர்கள் தினமும் பார்க்கின்றனர். ஆடு, மாடு, பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் உண்டு, மனிதருக்கு இல்லை. சாலை நடுவில் பதிக்கப்படும் எதிரொளிப்பான்களுக்கு இங்கிலாந்தில் 1930-களில் ‘பூனைக்கண்’ என்றே பெயர் வைத்தார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. விளக்கணைந்த பின் சற்று நேரம் பச்சையாக மினுங்கும் வேறொரு ஸ்டிக்கரும் இதே பெயரில் விற்கப்படுகிறது. கூடாரத்துக்குள் டார்ச் இருக்கும் இடத்தையோ மாத்திரைப் பெட்டியையோ கண்டுபிடிக்க அது உதவும், சாலையில் பயனில்லை. சோதிப்பது எளிது. பட்டையைச் சுவரில் சாய்த்து வைத்து, இருட்டில் பத்தடி தள்ளி நின்று, கைப்பேசி டார்ச்சை உங்கள் கண்ணுக்கு அருகில், பொட்டோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பட்டை சுடராக எரிந்தால் அது சரியான பொருள். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் அவ்வளவு தெரியாது. அது பட்டையின் குறை அன்று. பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தும் பார்க்கலாம்.

எங்கே அணிவது?

பாதயாத்திரைக் காலத்தில் காவல் துறையினரும் தன்னார்வலர்களும் பக்தர்களின் முதுகுப் பையில் எதிரொளிப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகின்றனர். நல்ல பணி. ஆனால் நான்கைந்து கிலோமீட்டர் போனதும் தோள் வலிக்க, பை பின்தொடரும் வேனில் ஏறிவிடுகிறது. ஸ்டிக்கரும் அதனுடன் போய்விடுகிறது. எனவே பையில் ஒட்டியது போக, உடலிலும் ஒன்று இருக்க வேண்டும்.

உடலில் சிறந்த இடம் மார்போ முதுகோ அன்று, அசையும் இடங்கள்தாம். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு. முதுகில் அசையாமல் ஒளிரும் ஒரு புள்ளியைக் காணும் ஓட்டுநர் அதை மைல்கல்லாகவோ நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பின்புறமாகவோ எண்ணக்கூடும். மாறி மாறி ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகளைக் கண்டால், அது நடக்கும் மனிதர் என்று மூளை உடனே அறிந்துகொள்கிறது. தாழ்வாக வைத்த முகப்பு விளக்கின் ஒளியும் முதலில் காலில்தான் விழுகிறது. வேட்டியை மடித்துக் கட்டியவருக்குக் கணுக்கால் பட்டை பொருந்தும். சேலை கணுக்காலை மறைக்கும் என்பதால் பெண்கள் இரு மணிக்கட்டுகளிலும், சேலையின் கீழ்க்கரையைச் சுற்றித் தைத்த பட்டையாகவும் அணியலாம். பட்டை ஏறத்தாழ 5 செ.மீ. அகலம் இருந்தால் நல்லது. வெள்ளி அல்லது வெள்ளை நிறமே அதிக ஒளியைத் திருப்பும்.

கட்டும்போது நோயாளிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் பிஸ்டுலா உள்ள கையில் எந்தப் பட்டையும் கட்டக் கூடாது. மறு கையில் கட்டுங்கள். கால் வீக்கம், சர்க்கரை நோயால் உணர்ச்சிக் குறைவு, இரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள் இறுக்கமான எலாஸ்டிக் பட்டையைத் தவிர்த்து, செருப்பின் குதிகால் பகுதியில் ஒட்டிக்கொள்வது பாதுகாப்பானது. மற்றவர்களுக்கும் பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். பசையுள்ள ஸ்டிக்கரை நேரடியாகத் தோலில் ஒட்ட வேண்டாம்.

ஊன்றுகோலின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஒட்டினால் அதுவும் காலைப் போலவே அசைந்து தெரியும். சக்கர நாற்காலிக்குப் பின்புறச் சட்டத்திலும் சக்கரக் கம்பிகளிலும் ஒட்டுங்கள். மறதி நோயால் மாலை நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறும் பெரியவர்கள் உள்ள வீடுகளில், அவர் வழக்கமாக அணியும் சட்டையின் முதுகிலும் செருப்பிலும் பட்டை தைத்து வைப்பது, தேடுபவருக்கும் ஓட்டுநருக்கும் ஒருசேர உதவும். காது கேளாதவருக்குப் பின்னால் வரும் ஹார்ன் உதவாது. அவருக்குப் பட்டை இருமடங்கு தேவை.

நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்க ஓரத்தில் நடப்பதே முறை. அவ்வாறு நடக்கையில் உங்கள் முன்புறம்தான் ஓட்டுநருக்குத் தெரியும். முதுகு ஸ்டிக்கர் எதற்கும் ஆகாது. சுற்றிக் கட்டும் பட்டைக்கு முன் பின் இல்லை என்பது அதன் இன்னொரு நன்மை. கூட்டமாகச் செல்லும்போது முதல் ஆளும் கடைசி ஆளும் பட்டையுடன் கைவிளக்கும் வைத்திருக்கட்டும். வாகனத்தின் விளக்கு உங்கள் மேல் படாதவரை பட்டை வேலை செய்யாது. அது உங்களுக்கு வழிகாட்டவும் செய்யாது. பள்ளமும் பாம்பும் உள்ள சாலையோரத்தில் டார்ச் கட்டாயம். அதை ஓட்டுநரின் முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்து நடக்கவும்.

பின்லாந்தில் இருட்டில் சாலையில் நடப்பவர் எதிரொளிப்பான் அணிய வேண்டும் என்று சட்டமே உள்ளது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் நம் சாலைகளில் தேவை அவர்களைவிடக் குறைவு என்று சொல்ல இயலாது.

இரவு தங்கும் இடத்தில்

முதலில் ஒரு கண்டிப்பான விலக்கு. சாலையின் ஓரப்பட்டையிலும், நடுத்திட்டிலும், நின்றிருக்கும் லாரிக்குப் பின்னாலும் எக்காரணம் கொண்டும் படுக்கக் கூடாது. எத்தனை பட்டை ஒட்டியிருந்தாலும் கண்ணயர்ந்த ஓட்டுநர் எதையும் காண்பதில்லை. பட்டை என்பது பாதுகாப்பான இடத்தைத் தேர்ந்த பிறகு சேர்க்கும் கூடுதல் காப்பு மட்டுமே. கோயில் மண்டபம், பள்ளி வளாகம், சாலையிலிருந்து வெகுவாக உள்ளடங்கிய களம் போன்ற இடங்களே தங்குவதற்கு உரியவை.

அங்கும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. நள்ளிரவில் வந்து சேரும் வேன், பின்னோக்கி நகரும் டிராக்டர், வளாகத்துக்குள் நுழையும் இரு சக்கர வாகனம் ஆகியவை தரையோடு படுத்திருப்பவரைக் காண்பது அரிது. நீல நிறத் தார்ப்பாயும் கறுப்புப் போர்வையும் இருட்டோடு இருட்டாகிவிடும். தார்ப்பாய்க் கொட்டகையின் நான்கு மூலைக் கம்புகளிலும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்றும் மூன்றடி உயரத்தில் ஒன்றுமாகப் பட்டை சுற்றுங்கள். சமையல் பாத்திரப் பெட்டி, தண்ணீர்க் கேன், சுவாமி படம் வைத்து இழுத்துச் செல்லும் தள்ளுவண்டி ஆகியவற்றிலும் ஒட்டலாம். வண்டிக்கு, கனரக வாகனங்களுக்குள்ள வழக்கப்படியே முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டினால் வண்டி எத்திசையில் நிற்கிறது என்பது ஓட்டுநருக்குப் புரியும்.

கூடாரத்தில் மிகுதியாகக் காயம் உண்டாக்குவது வாகனம்கூட அன்று. இழுத்துக் கட்டிய கயிறு. இரவில் சிறுநீர் கழிக்க எழும் முதியவர் கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிவது ஆகியவை எளிதில் தவிர்க்கக்கூடியவை. எதிரொளிப்பு இழை சேர்த்துப் பின்னிய கூடாரக் கயிறுகள் இப்போது கிடைக்கின்றன. இல்லையெனில் சாதாரணக் கயிற்றில் முழ இடைவெளிக்கு ஒரு சிறு துண்டுப் பட்டையை மடித்து ஒட்டுங்கள். தலையில் கட்டும் விளக்கோ, முகத்தருகே உயர்த்திப் பிடித்த டார்ச்சோ பட்டால் கயிறு முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரியும். காரைப் பகுதிக்குப் புதைபடிவம் பார்க்கவும் பச்சைமலைக்கும் வரும் மாணவர் குழுக்களும் இதைச் செய்யலாம். மேடு பள்ளமான காரை நிலத்தில், திரும்பி வரும்போது கூடாரத்தைக் கண்டுபிடிக்கவும் அது உதவும்.

கிடை போடுவோர் வலையின் சாலைப்பக்க முளைகளிலும் தங்கள் கோலிலும் பட்டை சுற்றலாம். ஆட்டின் கண் மின்னும் என்று நம்பியிருக்க இயலாது. ஆடு முகம் திருப்பிப் படுத்தால் மின்னுவதற்கு ஒன்றுமில்லை. மந்தையின் முன்னும் பின்னும் செல்லும் சில ஆடுகளுக்குப் பட்டை தைத்த கழுத்துவார் போடலாம்.

கூடாரத் துணியில் பசைப் பட்டை நெடுநாள் ஒட்டாது. நேரடியாகத் தைத்தால் ஊசித் துளை வழியே மழைநீர் கசியும். தனித் துணிப் பட்டையில் தைத்து, அதைக் கூடாரத்தின் வளையங்களில் கட்டிவிடுவது இரண்டுக்கும் தீர்வு.

பராமரிப்பு

அரியலூர்ச் சாலைகளில் நடந்தவர்களுக்குச் சுண்ணாம்புத் தூசி தெரிந்ததே. தூசி படிந்த பட்டை பாதி வேலைகூடச் செய்யாது. ஈரத் துணியால் தினமும் துடையுங்கள். கண்ணாடி மணிகள் வெளித் தெரியும் துணிப் பட்டைகள் மழையில் நனைந்தால் மங்கும். மழைக்காலத்துக்குப் பிளாஸ்டிக் மேலுறை கொண்ட பட்டகப் பட்டை மேலானது. பலமுறை துவைத்து, மடிப்பில் வெடித்த பட்டையை மேற்சொன்ன டார்ச் சோதனை செய்து, மங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். சைக்கிள் கடை, வாகன உதிரிபாகக் கடை, நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடை ஆகிய எங்கும் இது மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

ஒரு விபத்தைப் பார்த்து ஓடிச் செல்பவர்கள் மீது அடுத்த வாகனம் மோதுவது உண்டு. காயமுற்றவரைத் தொடும் முன், பட்டை அணிந்த ஒருவர் வாகனங்கள் வரும் திசையில், சாலையை விட்டு விலகி நின்று, நூறு மீட்டர் தள்ளியே எச்சரிக்கை செய்ய வேண்டும். மற்றொருவர் 108-ஐ அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல், சுங்கச்சாவடி அல்லது ஊர்ப் பெயரைச் சொல்லட்டும்.

இரத்தம் கொட்டும் இடத்தைத் தூய துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தைத் திருப்பவோ, உட்கார வைக்கவோ வேண்டாம். சோடாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது இடையூறாகும், மயக்கத்தில் மூச்சுக்குழலுக்குள்ளும் போகும். காரின் பம்பர் முதலில் காலை உடைக்கிறது. அடுத்த கணம் தலை வாகனத்திலோ தரையிலோ மோதுகிறது. ஆகவே, கால் காயம் மட்டும்தானே என்று வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், தலைவலி ஆகியவை பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தில் இணைந்த அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில், அரசு நிர்ணயித்த வரம்புக்குள் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் இது பொருந்தும். உதவி செய்து மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. விருப்பமில்லாவிடில் அவர் தம் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் வழக்கமான மாத்திரைச் சீட்டை, குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இன்சுலின், வலிப்பு மருந்து பற்றிய குறிப்பை, ஒரு நெகிழி உறையில் இட்டு, யாத்திரைப் பையில் வைக்காமல் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்திருக்கச் சொல்லுங்கள்.